ரியாக்ட் முன்னால், வேர்ட்பிரஸ் பின்னால்: பிரித்து வைத்தால் என்னென்ன வேலை நம் தலையில் விழும்?

வேர்ட்பிரஸ்ஸில் தளம் வைத்திருப்பவர்கள் புதுக் கட்டுரை எழுதும் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். தலைப்பு அடிக்கிறீர்கள், ஒரு பத்தியை மேலே நகர்த்துகிறீர்கள், படம் சேர்க்கிறீர்கள், சேமிக்கிறீர்கள். இவ்வளவுக்கும் பக்கம் ஒரு தடவைகூடப் புதிதாக லோட் ஆவதில்லை. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த இந்த எடிட்டர், திரையில் தெரிவதைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவியைக் கொண்டு எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் ஆப். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் அது பின்னால் இருக்கும் வேர்ட்பிரஸ்ஸோடு ஏபிஐ, அதாவது இரண்டு மென்பொருள்கள் தகவல் கேட்டுக் கொடுக்கும் வாசல், வழியாகப் பேசி, நீங்கள் எழுதியதை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. வேர்ட்பிரஸ் மாதிரியான சிஎம்எஸ் ஒன்றோடு, பக்கம் புதிதாக லோட் ஆகாத இப்படி ஓர் ஒற்றைப் பக்க ஆப்பைச் சேர்ப்பது பெரிய கம்பெனிகள் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்திருந்தால், அதைத்தான் நீங்கள் தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

எடிட்டருக்குச் செய்ததை வாசகர் பார்க்கும் பக்கத்துக்கும் செய்தால் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. வெப் டெவலப்மெண்ட் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்கள் இதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'தளம் வேகமாக இருக்கும்' என்பது. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. வேகம் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் என்று ஒன்று இதுவரை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் எல்லாம் உங்கள் கணக்கில் வந்து சேரும், அது மட்டும் நிச்சயம். அந்த வேலைகள் என்னென்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால், வாசகர் பக்கத்தை வேர்ட்பிரஸ்ஸிலிருந்து பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது சுலபம்.

பழைய முறை எப்படி ஓடுகிறது

சிஎம்எஸ் என்பது கட்டுரை, படம், பயனர் கணக்கு எல்லாவற்றையும் ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, புரோகிராமிங் தெரியாதவர்களும் எழுதி, திருத்தி, வெளியிட வழி செய்யும் மென்பொருள். வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. துருபல், ஜூம்லா எல்லாம் கிட்டத்தட்ட அதே காலத்தவை.

வாசகர் ஒருவர் கட்டுரையின் லிங்கைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை சர்வருக்குப் போகிறது, அங்கே பிஎச்பி நிரல் ஓடி, டேட்டாபேஸில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, தீம் சொல்கிறபடி மேலே மெனு, பக்கத்தில் பட்டை, கீழே முகவரி எல்லாம் சேர்த்து, முழுமையான எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்புகிறது. அடுத்த கட்டுரையைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து இதே வேலை. கேச் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்) போட்டிருந்தால் ஒரு தடவை உருவாக்கிய பக்கத்தையே எடுத்துக் கொடுத்துவிடும். நல்ல கேச்சும் எடை குறைந்த தீமும் இருக்கிற ஒரு சாதாரண வேர்ட்பிரஸ் தளம், அவசரமாகக் கட்டிய பல ரியாக்ட் தளங்களைவிட வேகமாகத் திறக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒற்றைப் பக்க ஆப் என்றால்

சுருக்கமாக எஸ்பிஏ. இதில் வாசகர் முதல் தடவை வரும்போது சர்வர் அனுப்புவது ஏறக்குறைய காலியான ஒரு எச்டிஎம்எல் பக்கமும், கூடவே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையும்தான். அந்த ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடத் தொடங்கியதும் திரையில் தெரிவதையெல்லாம் அதுவே வரைகிறது. அதன்பிறகு எந்த லிங்கைத் தட்டினாலும் அது குறுக்கே வந்து தடுத்து, முகவரிப் பட்டையில் இருப்பதை மாற்றி, தேவையான தகவலை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கி, திரையில் மாற வேண்டிய இடத்தை மட்டும் மாற்றுகிறது. 2004 இல் வந்த ஜிமெயில் இப்படி ஒரு தளம் நடந்துகொள்ள முடியும் என்பதைப் பரவலாகக் காட்டியது. அப்புறம் 2010 இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013 இல் ரியாக்ட், 2014 இல் வியூ என்று கருவிகள் வரிசையாக வந்து, இதை ஒரு சின்ன குழுகூடச் செய்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சிஎம்எஸ்ஸில் எழுதுகிற பகுதியையும் சேமிக்கிற பகுதியையும் அப்படியே வைத்துக்கொண்டு, தீமை மட்டும் கழற்றிவிடுகிறோம். அந்த இடத்தில் ரியாக்ட் ஆப் வந்து உட்கார்ந்து, உள்ளடக்கத்தை ஏபிஐ மூலம் கேட்டு வாங்குகிறது. இப்படி உள்ளடக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதை எப்படிக் காட்டுவது என்பதில் தலையிடாத சிஎம்எஸ்ஸை ஹெட்லெஸ் சிஎம்எஸ் என்கிறார்கள். கன்டென்ட்ஃபுல், ஸ்ட்ராப்பி, சானிட்டி போன்றவை பிறக்கும்போதே இப்படித்தான், அவற்றுக்குத் தீம் என்ற ஒன்றே கிடையாது. வேர்ட்பிரஸ் இரண்டு வகையிலும் வேலை செய்யும். உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகக் கொடுக்கும் வசதி 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து அதன் உள்ளேயே இருக்கிறது, தனியாகப் பிளகின் வேண்டாம். துருபலில் ஜேசன்:ஏபிஐ என்ற அதே மாதிரி வசதி 2019 மே மாதம் 8.7 பதிப்போடு அதன் உள்ளேயே வந்து சேர்ந்தது.

இனி வேர்ட்பிரஸ்ஸையும் ரியாக்டையும் வைத்தே பேசுகிறேன். மற்றவற்றில் பெயர்கள் மாறும், கதை மாறாது.

ஏபிஐ கையில் கொடுப்பது என்ன

இதை நேரில் பார்ப்பதுதான் நல்லது. உங்களுக்குத் தெரிந்த ஒரு வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரியை பிரவுசரில் ஆங்கிலத்தில் அடித்து, அதன் முடிவில் சாய்கோடு போட்டு 'டபிள்யூபி-ஜேசன்', அடுத்த சாய்கோட்டுக்குப் பின் 'டபிள்யூபி', அடுத்து 'வி2', கடைசியாக 'போஸ்ட்ஸ்' என்று சேர்த்துத் தட்டுங்கள். தளத்துக்காரர் அந்த வழியை அடைத்து வைக்கவில்லை என்றால், கடைசியாக வெளியான 10 கட்டுரைகள் ஜேசன் என்ற, நிரல்கள் படிப்பதற்கான வெறும் தகவல் வடிவத்தில் வந்து கொட்டும். நிறம் இல்லை, எழுத்துரு இல்லை, மெனு இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு ஐடி எண், தேதி, முகவரியில் வரும் பெயரான ஸ்லக், தலைப்பு, எச்டிஎம்எல் குறிகளோடு முழு உள்ளடக்கம், சுருக்கம், அப்புறம் சில எண்கள்.

அந்த எண்களில்தான் புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 7 என்று இருக்கும், முகப்புப் படம் இருக்க வேண்டிய இடத்தில் 412 என்று இருக்கும். 7 யார், 412 எந்தப் படம் என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டியலில் 10 கட்டுரை என்றால் பட்டியலுக்கு ஒன்று, எழுத்தாளர்களுக்குப் பத்து, படங்களுக்குப் பத்து என்று 21 கோரிக்கைகள் வரை போகலாம், மொபைல் டேட்டாவில் படிப்பவருக்கு அதன் வலி தெரியும். இதற்குத் தீர்வு இருக்கிறது. கேட்கும்போதே 'எம்பெட்' என்ற சொல்லை முன்னால் ஓர் அடிக்கோடு போட்டுச் சேர்த்தால் படமும் எழுத்தாளரும் அந்த ஒரே பதிலில் வந்துவிடுவார்கள். அதே மாதிரி எந்தெந்தப் புலங்கள் வேண்டும் என்றும் சொல்லிக் கேட்கலாம். பட்டியல் பக்கத்துக்குத் தலைப்பும் சுருக்கமும் போதும் என்னும்போது பத்துக் கட்டுரைகளின் முழு உள்ளடக்கத்தையும் வாசகரின் போனுக்கு இறக்குவது வீண். ஒரே கோரிக்கையில் 100 கட்டுரைக்கு மேல் கொடுக்காது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் இன்னொரு சங்கதி. எடிட்டரில் நீங்கள் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எழுதிய தலைப்பு ஏபிஐயிலிருந்து வரும்போது அந்தக் குறிக்குப் பதிலாக ‘ என்று வரும். எச்டிஎம்எல்லாகக் காட்டினால் பிரவுசர் அதைக் குறியாக மாற்றிவிடும். ஆனால் ரியாக்ட் எந்த எழுத்தையும் சந்தேகத்தோடு பார்த்து எழுத்தாகவே காட்டும் பழக்கமுள்ளது, அதனால் வாசகர் கண்ணில் அந்த எண் அப்படியே படும். தலைப்பைக் காட்டும் முன் இந்தக் குறிகளைப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

தேதியும் அப்படித்தான். ஏபிஐ தருவது தளத்தின் உள்ளூர் நேரம், ஆனால் எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு அதோடு ஒட்டியிருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படி ஒரு நேரத்தைப் பார்த்தால் 'இது இந்த பிரவுசர் இருக்கிற ஊரின் நேரம்' என்று எடுத்துக்கொள்ளும். சென்னையில் காலை 10 மணிக்கு வெளியிட்ட கட்டுரை, டொராண்டோவில் விடிவதற்கு முன் படிப்பவருக்கு இன்னும் வராத ஒரு நேரத்தில் வெளியானதாகத் தெரியும், 'எவ்வளவு நேரத்துக்கு முன்' என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற ஆப் என்றால் கணக்கு மைனஸில் போகும். கூடவே வரும் ஜிஎம்டி தேதியை எடுத்து, அது ஜிஎம்டிதான் என்று நீங்களே குறித்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கிராஃப்க்யூஎல் என்று இன்னொரு வழியும் உண்டு, பிளகின் போட்டால் வேர்ட்பிரஸ்ஸிலும் கிடைக்கும். எனக்கு எது வேண்டும் என்று ஒரே கேள்வியில் விவரமாகக் கேட்கலாம் என்பது அதன் பலம். தொடக்கத்தில் அது தேவையில்லை என்பது என் கருத்து.

தமிழ்த் தளம் என்றால் ஸ்லக்கைக் கவனியுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் வராது, அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்குகிறேன்.

'தஞ்சாவூர் ஓவியங்களின் நிறங்கள்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைக்கிறீர்கள், ஸ்லக்கை மாற்றாமல் விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பிலிருந்தே ஸ்லக்கை உருவாக்கும். டேட்டாபேஸில் ஸ்லக்குக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறி போதும். தமிழில் யூனிகோடு எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் முகவரிக்காக மாற்றப்படும்போது % குறியும் இரண்டு எழுத்துகளுமாக மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் தனிக்குறிகளாகவே கணக்கில் வரும் என்பதால் 'தா' என்றால் 18 போய்விடும். 200 இடத்தில் 22 குறிதான் அடங்கும். நம் தலைப்பு 'தஞ்சாவூர்-ஓவியங்களின்-நி' என்ற இடத்தில் அறுந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 'நி' வரைக்கும் சரியாக 22 குறி, இரண்டு இடைவெளி, மொத்தம் 200.

பழைய தீம் முறையில் இது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான், பக்கம் திறந்துவிடும். எஸ்பிஏவில் விஷயம் அதைவிடக் கொஞ்சம் சிக்கல். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளும் ரவுட்டர் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஸ்லக் பிரித்தெடுத்த தமிழ் எழுத்தாக இருக்கும். ஏபிஐ தரும் ஸ்லக் % குறிகளாக இருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் சமமாக இருக்காது, 'கட்டுரை கிடைக்கவில்லை' என்று வரும். சரி, நாமும் % குறிகளாக மாற்றி ஒப்பிடலாம் என்றால் அதிலும் ஒரு முள்: ஜாவாஸ்கிரிப்ட் பெரிய ஆங்கில எழுத்துகளைப் போட்டு மாற்றும், வேர்ட்பிரஸ் சின்ன எழுத்துகளில் வைத்திருக்கும். அதனால் இரண்டு பக்கத்தையும் தமிழாகப் பிரித்தெடுத்த பிறகே ஒப்பிடுங்கள். அதைவிடச் சுலபம், கட்டுரை வெளியிடுபவர்களிடம் சொல்லி ஒவ்வொரு கட்டுரைக்கும் சின்னதாக ஆங்கில எழுத்தில் ஸ்லக் கொடுக்கச் சொல்வது. தமிழ் முகவரி இருந்தால்தான் மனசுக்கு நிறைவு என்பவர்கள் இரண்டு மூன்று சொற்களுக்குள் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள், வெளியே போன லிங்குகளை நம்பி வருபவர்கள் இருக்கிறார்கள்.

தீம் போனதும் நம்மிடம் வரும் வேலைகள்

தகவல் வந்துவிட்டது, பக்கமும் அழகாகத் தெரிகிறது, வேலை முடிந்தது என்று தோன்றும் இடம் இது. இப்போது ஒரு கட்டுரைப் பக்கத்தில் இருந்துகொண்டு ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள், பல தளங்களில் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழை வரும். காரணம் எளிமை. அந்த முகவரி ஜாவாஸ்கிரிப்ட் முகவரிப் பட்டையில் எழுதி வைத்தது, சர்வரில் அப்படி ஒரு கோப்பு கிடையாது. எந்த முகவரி கேட்டாலும் அந்த ஒரே எச்டிஎம்எல் பக்கத்தைக் கொடு என்று சர்வருக்குச் சொல்லி வைக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் அது ஒரு வரிதான்.

அடுத்தது, அந்தக் கட்டுரையின் லிங்கை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வழக்கமாகத் தலைப்பும் படமும் சின்ன பெட்டியாக வரும் அல்லவா, அது வராது, அல்லது எல்லாக் கட்டுரைக்கும் தளத்தின் பெயர் மட்டும் வரும். வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் பெட்டி தயாரிக்க அந்த முகவரியின் எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துப் பார்க்கின்றன, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. நாம் அனுப்பும் எச்டிஎம்எல்லோ காலி. கூகுளின் கதை வேறு, அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும், 2019 இலிருந்து அதற்குக் குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் படித்துவிட்டுப் பகிரும் வாசகர்களை நம்பியிருக்கும் தளத்துக்கு, பகிர்ந்த இடத்தில் தலைப்பும் படமும் வராமல் போவது பெரிய நஷ்டம்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, உள்ளடக்கத் தளத்துக்கு வெறும் எஸ்பிஏ போடாதீர்கள் என்று சொல்வேன். நெக்ஸ்ட்.ஜேஎஸ் ரியாக்டுக்கும், நக்ஸ்ட் வியூவுக்கும் இதைச் சரிசெய்ய வந்தவை, இரண்டும் 2016 இல் தொடங்கியவை. முதல் தடவை ஒரு முகவரியைக் கேட்கும்போது சர்வரே ரியாக்டை ஓட்டி, கட்டுரை நிரம்பிய முழு எச்டிஎம்எல்லாகக் கொடுத்துவிடுகிறது. அது திரையில் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த லிங்குகளை எஸ்பிஏ மாதிரி நடத்துகிறது. இன்னொரு வழி, எல்லாக் கட்டுரைகளையும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாகச் செய்து வைத்துவிடுவது. திறப்பதற்கு மிக வேகம், சர்வர் செலவும் குறைவு. ஆனால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினால்கூட அந்தக் கோப்பு மறுபடி உருவானால்தான் வாசகர் கண்ணுக்குத் தெரியும். வேர்ட்பிரஸ்ஸில் கட்டுரை சேமிக்கப்பட்டதும் முன்பக்கத்துக்கு (வாசகர் பார்க்கும் ரியாக்ட் பகுதிக்கு) ஒரு தகவல் போய் அந்தப் பக்கம் மட்டும் புதுப்பிக்கப்படும்படி இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 'திருத்திவிட்டேன், ஆனாலும் பழையதே வருகிறது' என்ற போன் வந்துகொண்டே இருக்கும்.

பிளகின்களும் பாதி வேலைதான் செய்யும். தொடர்புப் படிவம், தேடுபொறிகளுக்கான எஸ்இஓ குறிகள், தொடர்புடைய கட்டுரைகள் என்று எதெல்லாம் தீமுக்குள் புகுந்து பக்கத்தில் எதையாவது சேர்த்துக்கொண்டிருந்ததோ, அது எதுவும் உங்கள் ரியாக்ட் பக்கத்தில் தானாக வராது. சில பிளகின்கள் தங்கள் தகவலை ஏபிஐயில் சேர்த்துக் கொடுக்கின்றன, மற்றவற்றை நீங்கள் எழுத வேண்டும். மெனுவைக்கூட வெளியாருக்கு ஏபிஐ வழக்கமாகக் கொடுப்பதில்லை. கட்டுரைக்குள்ளே முந்தைய கட்டுரைக்குக் கொடுத்திருக்கும் லிங்குகள் எல்லாம் வேர்ட்பிரஸ் இருக்கும் டொமைனுக்கே போகும், தட்டிய வாசகர் உங்கள் ஆப்பை விட்டு வெளியேறி, தீம் இல்லாத பின்பக்கத்தில் போய் நிற்பார். அந்த லிங்குகளைக் கண்டுபிடித்து முன்பக்க முகவரியாக மாற்றிவிட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸை ஒரு துணை டொமைனில் வைத்துவிட்டு அதன் பழைய பக்கங்களைத் தேடுபொறிகளுக்குத் திறந்தே விட்டால் ஒரே கட்டுரை இரண்டு முகவரிகளில் கூகுளில் வரும், அதையும் அடைக்க வேண்டும்.

பார்வையில்லாத வாசகர்களை இந்த இடத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரணத் தளத்தில் லிங்கைத் தட்டினால் புதுப் பக்கம் வந்ததை, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் சொல்லும். எஸ்பிஏவில் பக்கம் மாறவே இல்லை என்று அது நினைத்து அமைதியாக இருந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பக்கத்தின் தலைப்பை மாற்றி, கவனத்தைப் புதுக் கட்டுரையின் தலைப்புக்குக் கொண்டுபோய் வைப்பது சில வரி வேலை. உங்கள் கருவி இதைத் தானாகச் செய்கிறதா என்று பாருங்கள், செய்யவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

எழுதுபவருக்கு என்ன ஆகிறது

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. தளம் கட்டுகிறவர் கட்டிவிட்டுப் போய்விடுவார். ஆசிரியர் குழுவில் இருப்பவர் தினமும் அங்கேதான் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

தீம் இருக்கும்போது அவர் பிரிவியூ பொத்தானைத் தட்டினால், வாசகர் பார்க்கப்போகும் பக்கம் அப்படியே வரும். தலைப்பு இரண்டு வரிக்கு உடைகிறதா, படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா, கவிதையின் வரிகள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்துவிட்டு வெளியிடுவார். பிரித்த பிறகு அந்தப் பொத்தான் இல்லாத தீமைத் தேடிப் போகும். இன்னும் வெளியிடாத டிராஃப்ட் கட்டுரைகளை ஏபிஐ வெளியாருக்குக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது, ஆகவே ரியாக்ட் ஆப்பும் அதைப் பார்க்க முடியாது. இதற்கு நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவற்றில் டிராஃப்டுக்கென்று ஒரு தனி வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸின் பிரிவியூ லிங்கை அந்தப் பக்கம் திருப்பி, ரகசியச் சாவி ஒன்றைக் காட்டி, உங்கள் சர்வர் டிராஃப்டை வாங்கிக் காட்டும்படி செய்யலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் யாரும் திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. தளம் திறந்த மறுநாள் ஆசிரியர் 'எழுதியது எப்படி வரும் என்று எங்கே பார்ப்பது' என்று கேட்கும்போதுதான் இந்த வேலை இருப்பதே நினைவுக்கு வரும்.

எடிட்டரில் இருக்கும் பிளாக்குகளும் அப்படியே. மேற்கோள், இரண்டு பத்தி அகலம், படத்தொகுப்பு என்று அவர் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், அவை எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் தீமில் இருந்தது. இப்போது ஒவ்வொன்றும் உங்கள் முன்பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று சோதித்து, தயாராக இல்லாத பிளாக்குகளை எடிட்டரிலேயே மறைத்து வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

பாதுகாப்பில் இரண்டு விஷயம்

வேர்ட்பிரஸ் 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து ஆப்களுக்கென்று தனிக் கடவுச்சொல் கொடுக்கிறது. அதைப் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் ஒருபோதும் எழுதி வைக்காதீர்கள், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதை எடுத்துவிடலாம். சாவி எப்போதும் உங்கள் சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, கட்டுரையின் உள்ளடக்கம் எச்டிஎம்எல்லாக வருவதால் அதைக் காட்ட ரியாக்டில் 'ஆபத்தானது' என்று பெயரிலேயே எச்சரிக்கும் ஒரு வழியைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். எழுதுபவர்கள் நம்பிக்கைக்குரிய சிலர் மட்டும் என்றால் சரி. வெளியார் எழுதும் கருத்துகளும் அதே வழியில் வருமானால் முதலில் வடிகட்டுங்கள், இல்லையென்றால் யாராவது எழுதிப்போட்ட ஸ்கிரிப்ட் உங்கள் வாசகர் பிரவுசரில் ஓடும்.

சரி, யாருக்கு இது தேவை?

ஒரே உள்ளடக்கம் பல இடங்களுக்குப் போக வேண்டும் என்றால் தயங்காமல் பிரியுங்கள். தளம், ஆண்ட்ராய்டு ஆப், ஒரு மியூசியத்தின் தொடுதிரை என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் எழுதி, ஒரே ஏபிஐயிலிருந்து எடுத்துக்கொள்வது மாதிரி நிம்மதி வேறில்லை. தளத்தில் படிப்பதைவிடச் செய்வது அதிகம் என்றாலும் பிரிக்கலாம். கணக்கில் நுழைந்து பாடம் படித்து, வினாவுக்கு விடை சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரும் ஒரு கல்வித் தளம் இதற்கு நல்ல உதாரணம். வேர்ட்பிரஸ் தளங்களை நடத்தித் தரும் வேர்ட்பிரஸ்.காம் சேவை தன் நிர்வாகப் பகுதியை 2015 நவம்பரில் கலிப்ஸோ என்ற பெயரில் ரியாக்டில் புதிதாக எழுதியது இந்த வகை. டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2018 இல் வேர்ட்பிரஸ்ஸைப் பின்னால் வைத்து முன்பக்கத்தை ரியாக்டுக்கு மாற்றியது, அவர்களிடம் அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்.

ஆட்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரித்த பிறகு உங்களிடம் இருப்பது இரண்டு தளங்கள். இரண்டு ஹோஸ்டிங், இரண்டு அப்டேட், ராத்திரி ஏதாவது நின்றுபோனால் எந்தப் பக்கம் நின்றது என்று தேடும் வேலை. வாரத்துக்கு நாலு கட்டுரை வெளியிடும் ஒரு சிற்றிதழ்த் தளத்தை ஒரே ஒருவர் மாலை நேரத்தில் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவருக்குத் தேவை நல்ல தீமும் ஒரு கேச் பிளகினும். ரியாக்ட் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்பதற்காக அந்தத் தளத்தைப் பிரிக்க வேண்டாம், கற்றுக்கொள்ளத் தனியாக ஒன்று கட்டுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, அது பலருக்குப் பொருந்தும். தீமை அப்படியே வைத்துக்கொண்டு, உண்மையில் ஆப் மாதிரி நடக்க வேண்டிய ஒரு பகுதிக்கு மட்டும் ரியாக்டையோ வியூவையோ போடுவது. ஒரு நூலகத் தளத்தில் செய்திகளும் அறிவிப்புகளும் சாதாரணப் பக்கங்களாக இருக்கட்டும், நூல் தேடும் பக்கத்தில் மட்டும் எழுத எழுத முடிவுகள் மாறும் ஒரு சின்ன ஆப் இருக்கட்டும். 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 இல் இண்டராக்டிவிட்டி ஏபிஐ என்று இதற்கென்றே ஒரு வசதி சேர்ந்திருக்கிறது. பகிர்ந்தால் தலைப்பு வரும், பிரிவியூ வேலை செய்யும், தேடலும் துள்ளலாக இருக்கும்.

பிரிப்பதென்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முகப்பு அழகாக வந்துவிடும், பிரச்சினைகள் எதுவும் அங்கே தெரியாது. ஒரே ஒரு கட்டுரைப் பக்கத்தை முதலில் கட்டுங்கள். உங்கள் தளத்திலேயே இருப்பதில் மோசமான கட்டுரையாகத் தேர்ந்தெடுங்கள்: நீளமான தமிழ்த் தலைப்பு, அதில் ஒரு மேற்கோள் குறி, உள்ளே படத்தொகுப்பு, இரண்டு பழைய கட்டுரைகளுக்கு லிங்க். அது திறந்ததும் ரெஃப்ரெஷ் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், உள்ளே இருக்கும் லிங்கைத் தட்டிப் பாருங்கள். அப்புறம் ஆசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கட்டுரையில் ஒரு வரியைத் திருத்தி, வெளியிடாமல் எப்படி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் யாரையும் கேட்காமல் அதைச் செய்துவிட்டார் என்றால் முகப்புக்குப் போகலாம்.